நாற்பது வயதில் பின்னோக்கிச் சறுக்குவது எப்படி?

2019 ஜூன் 3, செயின்ட் லூயிஸ் நகரம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டம். எதிரணியின் பிரேடன் ஷென் அடித்த பக் (பந்துபோல் அடித்து ஆடும் ரப்பர் வில்லை), பாஸ்டன் புரூயின்ஸ் கேப்டன் ஸ்டெனோ சாராவின் மட்டையிலேயே பட்டு எகிறி, அவர் வாயில் போய் மோதியது. பனித்தரையில் ரத்தம் சொட்டச் சொட்ட எழுந்து வெளியேறினார். தாடை உடைந்திருந்தது. மூன்று நாள் கழித்து பாஸ்டனில் ஐந்தாவது ஆட்டம் தொடங்கியபோது, முகம் முழுவதையும் மறைக்கும் காப்பை மாட்டிக்கொண்டு அவர் களத்தில் நின்றார். சொந்த ஊர் அரங்கம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அப்போது அவருக்கு வயது 42.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் உடைந்த தாடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வலி தாங்குவது ஐஸ் ஹாக்கியில் அபூர்வமில்லை. இருபது வயதுப் பையன்களும் பல் போன வாயோடு ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு வியப்பாக இருப்பது அந்த 42 என்ற எண்தான். இவ்வளவு வேகமான ஒரு விளையாட்டில், கோப்பையைத் தீர்மானிக்கும் ஆட்டங்களில், தன் வயதில் பாதியே ஆன ஒரு பையனுக்குப் பக்கத்தில் நின்று இந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார்? பயிற்சியாளர் அவரை மரியாதைக்காக இறக்கவில்லை. அவர் தேவைப்பட்டார். ஏன் தேவைப்பட்டார் என்பது புரிந்தால், ஒரு பின்கள வீரர் எப்படி இத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கிறார், கடைசியில் எதனால் விலகுகிறார் என்பதும் புரிந்துவிடும்.

ஐஸ் ஹாக்கியைப் பார்த்தே இராதவர்களுக்காக முதலில் சில அடிப்படைகள். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அதாவது என்.எச்.எல். போட்டிகளில், ஆடுதளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனிக்கட்டிப் பரப்பு. சுற்றிலும் பலகைச் சுவர். பந்துக்குப் பதில் 'பக்' என்ற கெட்டி ரப்பர் வில்லை. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிமன். குறைவாகத் துள்ள வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைக்கிறார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு கோல் கீப்பர், மூன்று முன்கள வீரர்கள், இரண்டு பின்கள வீரர்கள். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வீரர்கள் பலகையைத் தாண்டி உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருப்பார்கள். ஒருவர் ஒரு நடைக்கு ஏறத்தாழ முக்கால் நிமிடம் முழுமூச்சாக ஆடிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து இரைப்பார்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அணியில் வழக்கமாக 12 முன்கள வீரர்களும் 6 பின்கள வீரர்களும் இருப்பார்கள். முன்களத்தில் மூன்று இடம், 60 நிமிடம். மொத்தம் 180 நிமிடத்தை 12 பேர் பங்கிட்டால் ஆளுக்குப் பதினைந்து. பின்களத்தில் இரண்டு இடம். 120 நிமிடத்தை 6 பேர் பங்கிட்டால் ஆளுக்கு இருபது. நல்ல பின்கள வீரருக்கு 25 நிமிடத்துக்கு மேலும் போகும். ஆக, அணியில் கோல் கீப்பரை விட்டால் அதிக நேரம் பனியில் நிற்பவர் பின்கள வீரர்தான். அப்படியென்றால் அவர்தானே முதலில் தேய்ந்துபோக வேண்டும்? நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. முன்கள வீரர்களில் பலர் முப்பதின் தொடக்கத்திலேயே மங்கத் தொடங்கும்போது, நல்ல பின்கள வீரர் அப்போதுதான் பழுக்கிறார். ஸ்வீடனின் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் ஆண்டின் சிறந்த பின்கள வீரருக்கான நாரிஸ் கோப்பையை ஏழு முறை வென்றவர். முதலாவதை வென்றபோது அவருக்கு வயது 31, கடைசியை வென்றபோது 41. சாராவுக்கு அது 32 வயதில் கிடைத்தது.

காரணம், பின்கள வீரரின் வேலை ஓடிப் பிடிப்பதே அல்ல. எதிராளிக்குக் கிடைக்கும் இடத்தைச் சுருக்குவதுதான் அவர் தொழில்.

ஒரே ஒரு காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். எதிரணியின் முன்கள வீரர் பக்கை மட்டை நுனியில் வைத்துக்கொண்டு நடுக்களத்திலிருந்து பாய்ந்து வருகிறார். நம் பின்கள வீரர் அவரைப் பார்த்தபடியே, முதுகைத் தன் கோலுக்குக் காட்டிக்கொண்டு, பின்னோக்கிச் சறுக்குகிறார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள்; இங்கே தொழிலே சறுக்குவதுதான், அதுவும் பின்பக்கமாக. இருவருக்கும் நடுவிலுள்ள தூரத்தை ஹாக்கிக்காரர்கள் 'கேப்' என்கிறார்கள். அது கூடிப்போனால் எதிராளி நிதானமாகக் குறிபார்த்து அடித்துவிடுவார். குறைந்துபோனால் ஒரு தோளை அசைத்து ஏமாற்றி, பக்கவாட்டில் தாண்டிப் போய்விடுவார். ஒரு மட்டை நீளம், அல்லது அதைவிடக் கொஞ்சம் கூட. அந்த அளவில் கேப்பை வைத்துக்கொண்டு, மட்டையின் தட்டைப் பனியோடு ஒட்டி நீட்டியபடி, எதிராளியை மெல்ல மெல்ல நடுவிலிருந்து ஓரத்துப் பலகைப் பக்கம் ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். நடுவில் நின்று அடிக்கும் அடிதான் ஆபத்து. ஓரத்திலிருந்து, சரிந்த கோணத்தில் வரும் அடியைக் கோல் கீப்பர் பார்த்துக்கொள்வார். வந்தவர் பலகையோடு பலகையாக ஒதுங்கி, வேறு வழியில்லாமல் பக்கைச் சுவரில் அடித்து விட்டுக்கொடுத்தால் அந்த முக்கால் நிமிடம் வெற்றி. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காததுபோல் இருக்கும். எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இதில் கால் வேகத்தின் பங்கு எவ்வளவு, கண்ணின் பங்கு எவ்வளவு என்று கேட்டால், கண்ணுக்கே அதிகம் கொடுப்பேன். பக் எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர் இளைஞர். அது அடுத்து எங்கே வரப்போகிறது என்று பார்த்து முன்கூட்டியே அங்கே போய் நிற்பவர், பழம் தின்று கொட்டை போட்டவர். லிட்ஸ்ட்ரோம் 20 பருவங்களும் டெட்ராய்ட் அணிக்கே ஆடினார், 1,564 ஆட்டங்கள். தவறு செய்பவரைச் சில நிமிடம் வெளியே உட்கார வைப்பதுதான் இங்கே தண்டனை; அத்தனை ஆட்டத்திலும் சேர்த்து அவர் பெற்ற தண்டனை நேரம் 514 நிமிடம் மட்டுமே. இடம் தவறி நிற்பவர்தான் எதிராளியின் இடுப்பில் மட்டையைக் கொக்கி போட்டு இழுப்பார், சட்டையைப் பிடிப்பார். லிட்ஸ்ட்ரோமுக்கு அந்தத் தேவை வரவில்லை. சக வீரர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'குறையில்லாத மனிதர்'.

இதற்கு நேர் எதிர் ரகமும் நீண்ட காலம் தாக்குப்பிடித்திருக்கிறது. சிகாகோவில் பிறந்த கிரிஸ் செலியோஸ் 1,651 ஆட்டங்களில் 2,891 நிமிடம் தண்டனை பெற்றவர், முரட்டு ஆசாமி. கடைசியாக என்.எச்.எல். பனியில் இறங்கியபோது அவருக்கு வயது 48. ஆகவே, சாதுவாக ஆடினால்தான் ஆயுள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். லிட்ஸ்ட்ரோமையும் செலியோஸையும் சேர்த்துப் பார்த்தால் பொதுவாகத் தெரிவது ஒன்றுதான்: இருவருமே எங்கே நிற்க வேண்டும் என்று அறிந்தவர்கள். செலியோஸ் அங்கே நின்றுகொண்டு கூடவே ஓர் இடியும் கொடுத்தார்.

சரி, வயது எதைத்தான் எடுத்துக்கொள்கிறது? மூச்சு பிடிப்பதை அது கடைசியாகத்தான் தொடுகிறது. மனிதத் தசையில் சட்டென்று வெடித்துச் சுருங்கும் இழைகளும், மெதுவாக, நெடுநேரம் உழைக்கும் இழைகளும் உண்டு. வயதாக ஆக முதல் வகைதான் அதிகமாகத் தேய்கிறது. அதனால் நாற்பது வயது வீரருக்கு ஒரு நடை முழுவதும் ஆட மூச்சு இருக்கும். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முதல் இரண்டு எட்டு மந்தமாகிவிடும். இன்னொன்று, திரும்புவது. பின்னோக்கிப் போய்க்கொண்டிருப்பவர், எதிராளி தாண்டிவிட்டார் என்றால் இடுப்பைச் சுழற்றி முன்னோக்கிப் பாய வேண்டும். அந்த ஒரு திருப்பத்தில்தான் வயது காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மூத்த பின்கள வீரரைப் பார்க்கும்போது பக்கைப் பார்க்காதீர்கள், அவர் இடுப்பைப் பாருங்கள். அரை நொடி தாமதமாகத் திரும்புகிறார் என்றால், எதிரணிப் பயிற்சியாளரும் அதைக் கண்டுபிடித்திருப்பார். அவர் நிற்கும் பக்கமாகவே அடுத்தடுத்துப் பக்கை அனுப்பிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது, உடம்பு தேறும் நேரம். இவர்கள் ஆடிய காலத்தில் வழக்கமாக ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள். நடுவில் விமானப் பயணம், சில வேளைகளில் அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம். இருபத்திரண்டு வயதில் ஓர் இரவுத் தூக்கத்தில் சரியாகிவிடும் கால், நாற்பதில் இரண்டு நாள் கேட்கும்.

இதையெல்லாம் சாரா எப்படிச் சமாளித்தார் என்பதற்கு வருகிறேன். அவர் விஷயத்தில் இயற்கை ஒரு பெரிய முன்பணம் கொடுத்திருந்தது: 206 சென்டிமீட்டர் உயரம், அதாவது ஆறடி ஒன்பது அங்குலம். அவர் ஆடிய காலம் வரை என்.எச்.எல். வரலாற்றில் அவரைவிட உயரமானவர் இருந்ததில்லை. 1977இல் ஸ்லோவாக்கியாவின் டிரென்சின் நகரில் பிறந்தவர். அப்பா கிரேக்க-ரோமன் மல்யுத்த வீரர், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவுக்காக இறங்கியவர். சிறு வயதில், இவ்வளவு உயரத்தை வைத்துக்கொண்டு கூடைப்பந்து ஆடப் போகலாமே என்று சாராவுக்கு அறிவுரை சொன்னவர்கள் பலர். என்.எச்.எல். மட்டையின் தண்டு 63 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மிக உயரமானவர்களுக்கு மட்டும் 65 வரை விலக்கு உண்டு. அந்த விலக்கைப் பெற்றவர் சாரா. அந்தக் கையையும் அந்த மட்டையையும் சேர்த்து ஒரு வீச்சு வீசினால் ஒரு சின்ன அறையைப் பெருக்கிவிடலாம். எதிராளி அவரைச் சுற்றிப் போக மற்றவர்களைச் சுற்றுவதைவிட இரண்டு மூன்று அடி கூடுதலாகச் சுற்ற வேண்டும். கால் இழந்த அரை நொடியை மட்டை திருப்பிக் கொடுத்தது.

உயரம் மட்டும் போதும் என்றால் எல்லா நெட்டையர்களும் நாற்பது வயது வரை ஆடியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை, பெரிய உடம்பைத் திருப்புவது இன்னும் கடினம். அதுவும் 2005க்குப் பிறகு. அதற்கு முந்தைய பருவம் ஊதியத் தகராறில் முழுவதுமாக ரத்தானது. லீக் திரும்பி வந்தபோது, கொக்கி போடுவதையும் இழுத்துப் பிடிப்பதையும் நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். நீளமான பாஸ்களுக்கு இருந்த தடையும் நீங்கியது. ஆட்டம் ஒரே இரவில் வேகமெடுத்தது. சட்டையைப் பிடித்து இழுத்தே காலம் தள்ளிய கனத்த பின்கள வீரர்கள் பலர் அந்த ஓரிரு ஆண்டுகளில் காணாமல் போனார்கள். சாரா தன் காலைத் திரும்பத் திரும்பச் செதுக்கிக்கொண்டார். அணி வீரர்களிடையே அவருடைய உடற்பயிற்சி ஒரு புராணம்போல் ஆகியிருந்தது. 2008 கோடை விடுமுறையில் போய்க் கிளிமஞ்சாரோ மலை ஏறினார். நாற்பதை நெருங்கும்போது இறைச்சியை விட்டுத் தாவர உணவுக்கு மாறினார். இந்த வகையில் செலியோஸும் சளைத்தவரில்லை. அவர் சானா என்ற வெப்ப அறைக்குள் உடற்பயிற்சி சைக்கிளைக் கொண்டுபோய் வைத்து மிதித்தவர். அதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயல வேண்டாம்.

நீண்ட ஆயுளின் மிக முக்கியமான பகுதி எனக்குத் தெரிந்து உடற்பயிற்சிக் கூடத்தில் இல்லை. பயிற்சியாளரின் கையிலுள்ள துண்டுச்சீட்டில் இருக்கிறது. யார் எத்தனை நிமிடம், எந்தச் சூழ்நிலையில் ஆடுவது என்ற பங்கீடு. 2006இல் பாஸ்டனுக்கு வந்த புதிதில் சாரா ஆட்டத்துக்குச் சராசரியாக 28 நிமிடத்தை நெருங்கி ஆடினார். ஏறக்குறைய பாதி ஆட்டம். பாஸ்டனில் அவருடைய கடைசிப் பருவத்தில் அது 21 நிமிடமாகக் குறைந்தது. அதன் பிறகு ஆடிய இரண்டு பருவங்களில் பதினெட்டுச் சொச்சம்.

குறைந்தது நேரம் மட்டுமில்லை, வேலையின் வகையும் மாறியது. எதிரணி வீரர் ஒருவர் தவறு செய்து வெளியே உட்காரும்போது நம் அணிக்கு ஓர் ஆள் கூடுதலாகக் கிடைக்கும். அது பவர் பிளே. கிரிக்கெட்டில் கேள்விப்பட்டது வேறு, இது வேறு. இளமையில் சாரா அதன் நாயகர். 2012 ஜனவரியில் ஒட்டாவாவில் நடந்த திறன் போட்டியில் அவர் அடித்த பக் மணிக்கு 108.8 மைல், அதாவது 175 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. வயதானபோது பவர் பிளே இடம் இளையவர்களிடம் போனது. அதற்கு எதிர்ப்பக்கமான வேலை, நம் அணியில் ஓர் ஆள் குறைவாக இருக்கும் இரண்டு நிமிடத்தில் கோல் விழாமல் காப்பது, சாராவிடமே இருந்தது. யோசித்துப் பார்த்தால் அது அவருக்கென்றே செய்த வேலை. அங்கே யாரையும் துரத்த வேண்டாம். கோலுக்கு முன்னால் ஒரு சதுரத்தைக் காத்துக்கொண்டு, நீண்ட மட்டையால் பாஸ்களை வெட்டிக்கொண்டு நின்றால் போதும்.

பக்கத்தில் நிற்கும் இணையும் இந்தப் பங்கீட்டில் சேர்த்திதான். பாஸ்டனில் அவருடைய கடைசிப் பருவங்களில் சாராவுக்குப் பெரும்பாலும் இணையாக ஆடியவர் சார்லி மக்காவாய். பக்கை எடுத்துக்கொண்டு பாய்வது அந்தப் பையனின் வேலை. பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பது கிழவரின் வேலை. சாரா தன் முதல் என்.எச்.எல். ஆட்டத்தை ஆடியது 1997 நவம்பரில். மக்காவாய் பிறந்தது அதே ஆண்டு டிசம்பரில்.

இனி ஓய்வு. இங்கேதான் விளையாட்டோடு காசும் சட்டமும் வந்து கலக்கின்றன; புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் குழம்புவதும் இங்கேதான்.

என்.எச்.எல். அணி ஒவ்வொன்றும் ஓர் ஆண்டில் வீரர்களுக்குக் கணக்குக் காட்டக்கூடிய சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அது 2005இல் வந்தது. முதல் ஆண்டில் 39 மில்லியன் டாலர். நீண்ட ஒப்பந்தம் போட்டால் மொத்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்து, அந்தச் சராசரியையே வரம்புக் கணக்கில் எழுதுவார்கள். இதில் அணிகளுக்கு ஒரு குறுக்கு வழி இருந்தது: முப்பத்தைந்து வயது வீரரோடு ஏழெட்டு ஆண்டுக்கு ஒப்பந்தம் போடு, பணத்தை எல்லாம் முதல் சில ஆண்டுகளில் கொடுத்துவிடு, கடைசி ஆண்டுகளுக்குச் சில்லறை, அவர் நடுவில் ஓய்வு பெற்றதும் கணக்கு மறைந்துவிடும். இதை முன்கூட்டியே அடைக்கத்தான் 2005இலேயே '35 வயது விதி' வந்தது. 35 அல்லது அதற்கு மேற்பட்ட வயதில் தொடங்கும் பல்லாண்டு ஒப்பந்தம் என்றால், வீரர் ஓய்வு பெற்றாலும் அவர் பெயரிலுள்ள தொகை ஒப்பந்தம் முடியும்வரை அணியின் கணக்கில் தொங்கும். பின்னாளில் இந்த விதியைச் சற்றுத் தளர்த்தினார்கள் என்றாலும் அடிப்படை இதுதான்.

இந்த விதியால் எவ்வளவு விநோதம் நடக்கும் என்பதற்குக் கிரிஸ் பிராங்கரைப் பாருங்கள். இவரும் பின்கள வீரர், இவரும் நெட்டை, இவரும் முரடர். 2009இல், 34 வயதில், பிலடெல்பியா அணியோடு ஏழாண்டு ஒப்பந்த நீட்டிப்பில் கையெழுத்திட்டார். கையெழுத்திட்டது 34இல், அது நடைமுறைக்கு வரும்போது அவருக்கு 35 ஆகிவிடும். லீக் அதை 35 வயது விதிக்குள் கொண்டுவந்துவிட்டது. 2011 அக்டோபரில் எதிராளியின் மட்டை அவர் கண்ணில் பட்டது. அடுத்த மாதம் தலையில் அதிர்ச்சி. 2011 நவம்பருக்குப் பிறகு அவர் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் ஓய்வு அறிவிக்கவும் இல்லை. அறிவித்தால் அவருக்குச் சம்பளம் போகும். அணிக்கும் வரம்புக் கணக்கில் அடி விழும். காயம்பட்டோர் பட்டியலில் இருந்தால் இருவருக்கும் நிவாரணம். ஆகவே ஏட்டில் அவர் ஆட்டக்காரராகவே நீடித்தார். 2014இல் லீக்கே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது, வீரர்களின் தவறுகளை விசாரிக்கும் பாதுகாப்புத் துறையில். 2015 கோடையில் பிலடெல்பியா அந்த ஒப்பந்தத்தை அரிசோனா அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அரிசோனாவுக்காக அவர் காலணியைக் கட்டப் போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதே ஆண்டு நவம்பரில், ஏட்டில் அரிசோனாவின் ஆட்டக்காரராக இருக்கும்போதே, டொரண்டோவிலுள்ள ஹாக்கிப் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்த்தார்கள். லீக்கின் ஊழியர், ஓர் அணியின் வீரர், வரலாற்று நாயகர். மூன்றும் ஒரே ஆள், ஒரே மாலையில்.

அதே மாலையில் அதே மேடையில் புகழ்மன்றத்தில் சேர்ந்த இன்னொருவர் லிட்ஸ்ட்ரோம். அவருடைய விலகல் இதற்கு முற்றிலும் வேறு. 2012 வசந்தத்தில் பருவம் முடிந்தது. அவருக்கு வயது 42. டெட்ராய்ட் அணி அவர் தொடர வேண்டும் என்றே விரும்பியது. அவர் வழக்கம்போல் அடுத்த ஆண்டுக்கான பயிற்சியைத் தொடங்கிப் பார்த்தார். தன்னை உந்தும் அந்த வேகம் பழைய அளவில் இல்லை என்று கண்டார். தொட்டி முழுக்கக் காலியாகிவிடவில்லை, ஆனால் தான் விரும்பும் தரத்தில் ஒவ்வொரு நாளும் ஆட அதில் இருப்பது போதாது என்ற பொருளில் பேசி, மே 31 அன்று விடைபெற்றார். ஆட்டத்தில் மோசமாகத் தோற்றுப்போய் விலகவில்லை. கோடைக்காலத்துப் பயிற்சியில் தன்னைத் தானே சோதித்து விலகினார். மூத்த வீரர்களைப் பற்றி நான் படித்தவரை, ஓய்வு பெரும்பாலும் முடிவாவது அரங்கத்தில் இல்லை, அந்த ஆளில்லாத பயிற்சிக் காலைகளில்தான்.

ரே போர்க்குக்கு வேறொரு கணக்கு இருந்தது. பாஸ்டனுக்காக 1979 முதல் இருபது பருவங்களுக்கு மேல் ஆடியும் ஸ்டான்லி கோப்பை கிட்டவில்லை. 2000 மார்ச்சில், அதற்காகவே, கொலராடோ அணிக்குப் போனார். மறு ஆண்டு ஜூனில் கொலராடோ வென்றது. வழக்கப்படி கோப்பையை முதலில் தலைக்கு மேல் தூக்க வேண்டியவர் கேப்டன். கேப்டன் ஜோ சேக்கிக் அதை வாங்கியவுடன், தான் தூக்காமல், திரும்பி போர்க்கின் கையில் கொடுத்தார். நாற்பது வயது, 1,612 ஆட்டங்கள். அதோடு அவர் முடித்துக்கொண்டார். வேண்டியது கிடைத்துவிட்டால் விலகுவது எளிது. எல்லாருக்கும் அது அமைவதில்லை.

சாராவுக்கு அப்படி அமையவில்லை. அவர் கோப்பையை 2011இலேயே வென்றுவிட்டார். 2020 முடிவில், 14 பருவங்கள் கேப்டனாக இருந்த பாஸ்டன் அணி இளைஞர்களுக்கு இடம் கொடுக்க விரும்பியது; சாராவுக்கு அங்கே பெரிய பங்கு இருக்கப் போவதில்லை என்றானது. பெரும்பாலான வீரர்களுக்கு ஓய்வு இப்படித்தான் வருகிறது, யாரும் 'போ' என்று சொல்வதில்லை, நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும், ஒருநாள் பூஜ்யத்தைத் தொடும். சாரா அந்தப் பூஜ்யத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. வாஷிங்டன் அணியோடு ஓராண்டு ஒப்பந்தம் போட்டார்: 7,95,000 டாலர். 2006இல் பாஸ்டன் அவருக்குக் கொடுத்தது ஆண்டுக்குச் சராசரியாக 75 லட்சம் டாலர். அதற்கடுத்த ஆண்டு நியூயார்க் ஐலேண்டர்ஸ் அணி. 7,50,000 டாலர், அப்போது லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம். அவரை 1996இல் தேர்ந்தெடுத்து வட அமெரிக்காவுக்கு வரவழைத்ததே அந்த அணிதான். நாற்பதைத் தாண்டியவர்கள் ஓராண்டு ஒப்பந்தமாகவே போட்டுக்கொள்வதற்கு இப்போது காரணம் புரிந்திருக்கும். ஓராண்டு என்றால் 35 வயது விதியின் சுமை அணிக்கு இல்லை; வீரருக்கும் ஒவ்வொரு கோடையிலும் தன்னிடம் கேட்டுக்கொள்ள ஒரு வாய்ப்பு.

அந்தக் கடைசிப் பருவத்தில், 2022 பிப்ரவரி 24 அன்று, அவர் 1,652ஆவது ஆட்டத்தை ஆடினார். செலியோஸின் எண்ணிக்கையை ஒன்றால் தாண்டியது அது. பின்கள வீரர்களில் அதுவரை யாரும் அத்தனை ஆட்டம் ஆடியதில்லை. பருவம் முடிந்தபோது கணக்கு 1,680. வயது 45. (முன்கள வீரர்களில் கோர்டி ஹோவ் 52 வயது வரை ஆடியிருக்கிறார். அவரை இந்தக் கட்டுரையின் எந்த விதிக்குள்ளும் அடக்க முடியாது, விட்டுவிடுகிறேன்.)

கோடை கழிந்தது. 2022 செப்டம்பர் 20 அன்று சாரா பாஸ்டன் அணியோடு ஒரு நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அந்த ஒரு நாளிலேயே ஓய்வை அறிவித்தார். இது ஒரு சடங்கு. கடைசிச் சம்பளம் எங்கே வாங்கியிருந்தாலும், எந்தச் சட்டையில் வாழ்ந்தாரோ அந்தச் சட்டையில் முடித்துக்கொள்ளும் ஏற்பாடு. புகழ்மன்றத்துக்குத் தகுதி பெற, கடைசி ஆட்டத்துக்குப் பிறகு மூன்று பருவங்கள் காத்திருக்க வேண்டும். சாரா 2025இல், தகுதி வந்த முதல் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டார்.

அதற்கு நடுவில் அவர் செய்த ஒரு காரியம்தான் வயது எதை எடுக்கும், எதை விட்டுவைக்கும் என்பதற்கு நான் காட்டக்கூடிய நல்ல உதாரணம். ஓய்வு பெற்ற ஏழாவது மாதம், 2023 ஏப்ரலில், பாஸ்டன் மாரத்தான் ஓடினார். 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். 3 மணி 38 நிமிடம் 23 விநாடி. மூச்சு இருந்தது, நெஞ்சு இருந்தது, கால் இருந்தது. அந்தப் பாதையில் யாரும் அவரைப் பார்த்துப் பாய்ந்து வரவில்லை. இடுப்பைச் சுழற்றித் திரும்ப வேண்டியிருக்கவும் இல்லை. நேராக ஓடினால் போதும்.